தப்போவக் குளத்துக் கல் இலைகள்

வரலாற்றுத் தொடர்

1. தெற்கிலிருந்து போன பெட்டி

கரவெட்டியில் கிணறு வெட்டுகிறவர்களைக் கேட்டால், நிலத்துக்குக் கீழே இருப்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். மேலே செம்பாட்டு மண். சில வளவுகளில் அது முழங்கால் அளவுக்குக்கூட இராது. சில தோட்டங்களில் ஆள் உயரம் தாண்டும். அதற்குக் கீழே கல். அலவாங்கைத் திருப்பி எறிகிற கெட்டியான வெண்கல். அதை வெடி வைத்து உடைத்து இறங்கினால் வெடிப்புகளுக்குள்ளால் நல்ல தண்ணீர் ஊறி வரும். போதாதென்று இன்னும் ஆழமாக இறங்கினால் உவர் தலைகாட்டும்.

கிணற்றடியில் குவித்துப் போட்ட அந்தக் கல்லில் ஒரு துண்டைக் கழுவிப் பாருங்கள். சிப்பியின் அச்சு இருக்கும், சோகியின் சுருள் இருக்கும், சிலவேளை பவளத்தின் கண்ணறை இருக்கும். உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறவருக்குக் கண்ணுக்குத் தெரியாத கடலுயிர்களின் ஓடுகளும் கிடைக்கும். மயோசீன் காலத்தில், இன்றைக்குச் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், வடமராட்சி முழுவதும் ஆழமற்ற, வெதுவெதுப்பான கடலின் அடியில் கிடந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்தவற்றின் ஓடுதான் இறுகிக் கல்லாயிற்று. அந்தக் கல்லின் கனிமத்துக்குக் கல்சைட் என்று பெயர். கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவும் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுத்தான். கிணற்றுத் தண்ணீர் கல்லைக் கரைத்துக்கொண்டு வந்து அடுப்படியில் திருப்பிக் கொடுக்கிறது. கல் கரைந்து போன இடத்தில் கரையாமல் எஞ்சிய களியும் இரும்பு ஒக்சைட்டும் செம்பாட்டு மண்ணின் நிறத்துக்குக் காரணம். இந்த இரும்பு ஒக்சைட்டை ஞாபகத்தில் வைத்திருங்கள். அடுத்த வாரம் அதற்கு வேலை இருக்கிறது.

ஆனால் கரவெட்டிக் கல்லில் இலையைத் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். கரையை விட்டு விலகிய கடலடி அது. எந்தக் காட்டின் சருகும் அங்கே வந்து படிந்து கல்லாகவில்லை.

அப்படியானால் இலங்கையில் பழங்காலத்துக் காடு எங்கேயாவது கல்லாகி இருக்கிறதா?

கேள்வி எளிதாகத் தெரியலாம். பதில் எளிதல்ல. இத்தீவின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறை. வவுனியாவைத் தாண்டி அநுராதபுரம் போகும் வழியெல்லாம் வீதியோரத்தில் யானை முதுகுபோல் கிடக்கும் மொட்டைப் பாறைகள் அந்த வகை. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், கல்லே இளகும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் அவை பிசைந்து எடுக்கப்பட்டவை. அந்த வேக்காட்டில் எந்த உயிரின் சுவடும் தப்பாது. அத்துடன், தரையில் மரம் என்று ஒன்று தோன்றுவதற்கு முன்பே அவை வெந்து முடிந்துவிட்டன. ஆகவே இலங்கையின் பெரும்பகுதியில் இலைச் சுவடு கிடைக்க வழியே இல்லை. வடக்கிலும் வடமேற்குக் கரையிலும் மயோசீன் கடற்கல். இரண்டுக்கும் நடுவே 50 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட வெறுமை. ஒரு நாட்டின் கதைப் புத்தகத்தில் முதல் தாளும் கடைசித் தாளும் மட்டும் மிஞ்சி, நடுவில் இருந்ததெல்லாம் கிழிபட்டுப் போயிருந்தால் எப்படி இருக்கும்? இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது இலங்கையின் நிலவியல் அந்த நிலையில்தான் இருந்தது.

அந்தப் புத்தகத்தை முதலில் ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியவர் நமக்கு அந்நியர் அல்லர். ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தாலும், அவருடைய தந்தை வழிக் குடும்பத்தின் வேர் வடமராட்சியில், பருத்தித்துறைப் பக்கத்தில் இருந்தது. சிற்பத்தையும் நடராசர் வடிவத்தையும் உலகுக்கு விளக்கிய கலை அறிஞராகவே அவரை நாம் கொண்டாடுகிறோம். அவர் முதலில் நிலவியலாளர் என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 1903இல் இலங்கையில் கனிப்பொருள் அளவை தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்கியவர் அவர். இரத்தினக்கல் வாரும் சபரகமுவ ஆற்றுப் படுகைகளில் கிடைத்த கரிய, கனத்த ஒரு கனிமத்தை 1904இல் அவர் ஆய்வுலகத்தின் பார்வைக்குக் கொண்டுவந்தார். தோரியனைட் என்று அது பெயர் பெற்றது. அதே இலங்கைக் கனிமத்தை இலண்டனில் பகுத்துக்கொண்டிருந்தபோதுதான், பின்னாளில் அணுப்பிளவுக்காக நோபல் பரிசு பெற்ற ஒட்டோ ஹான் 1905இல் ரேடியோதோரியத்தைக் கண்டுபிடித்தார். இலங்கைக் கல்லும் நம் பக்கத்து மனிதர் ஒருவரின் கண்ணும் அணு யுகத்தின் வாசற்படியில் நின்றிருக்கின்றன. பாடப்புத்தகத்தில் ஒரு பந்தியாவது பெற வேண்டிய செய்தி இது.

சில ஆண்டுகளில் குமாரசுவாமி கல்லை விட்டுக் கலைக்குப் போனார். அவர் தொடக்கிவைத்த வேலை நிற்கவில்லை. அதற்கு அடுத்த பத்தாண்டில் அத்துறைக்கு வந்து சேர்ந்தவர் எட்வர்ட் ஜேம்ஸ் வேலண்ட் என்ற இளம் ஆங்கிலேயர். காடு கரம்பெல்லாம் நடந்து திரிந்தவர். கற்கால மனிதரின் கல்லாயுதங்களையும் பொறுக்கினார், பாறைகளையும் குறித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் உட்பட இலங்கையின் மயோசீன் பாறைகள் பற்றி டேவிஸ் என்பவருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1923இல் வெளிவந்தது. கரவெட்டிக் கிணற்றுக் கல்லின் வயதை நாம் இன்று துணிந்து சொல்வதற்கு அந்தக் கட்டுரையும் ஒரு காரணம்.

ஆனால் அவருடைய பெரிய கண்டுபிடிப்பு வேறொரு இடத்தில் நிகழ்ந்தது. கரவெட்டியிலிருந்து நேர்கோட்டில் தெற்கே 190 கிலோமீட்டர் அளவில், புத்தளத்திலிருந்து அநுராதபுரம் போகும் வீதிப் பக்கத்தில் ஒரு பழைய குளம். தப்போவக் குளம். வறண்ட காடு, முள்ளுப் பற்றை, யானைத் தடம். அதன் சுற்றாடலில் மணற்கல்லும் களிப்பாறையும் வேலண்டின் கண்ணில் பட்டன. சுற்றிலும் எங்கு பார்த்தாலும் வெந்து உருமாறிய பழம்பாறை. நடுவில் மட்டும் ஆறு கொண்டுவந்து கொட்டியதைப் போன்ற படிவுப்பாறை. அதில் ஒரு துண்டைப் பிளந்தபோது உள்ளே இலை!

1920இல் கொழும்பு அருங்காட்சியகத்தின் ஸ்போலியா சிலானிக்கா இதழில் இலங்கையின் சுவட்டுப் படிவுகள் பற்றிய முதற்குறிப்பு ஒன்றை அவர் எழுதினார். அதற்குள் உகாண்டா நிலவியல் அளவையின் முதல் பணிப்பாளராக ஆபிரிக்காவுக்குப் போயும்விட்டார். அவர் சேகரித்த இலைக் கற்கள் கடல் கடந்து கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தன.

அங்கே அவற்றைக் கையில் எடுத்தவர் பேராசிரியர் ஆல்பர்ட் சார்ல்ஸ் சீவர்ட். அவருடைய கைக்கு முன்பும் ஒருமுறை உலகின் மூலையிலிருந்து இலைக் கற்கள் வந்திருந்தன. 1912 ஜனவரியில் தென்துருவத்தைத் தொட்டுத் திரும்பிய கப்டன் ஸ்கொட்டின் குழு, பெப்ரவரியில் பியர்ட்மோர் பனியாற்று ஓரத்தில் கற்களைப் பொறுக்கியது. பசியும் குளிரும் தின்ற நிலையிலும் சுமார் 16 கிலோ கல்லை அவர்கள் கைவிடாமல் இழுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. நவம்பரில் கூடாரத்தையும் உடல்களையும் கண்டெடுத்தவர்கள் கற்களையும் கண்டெடுத்தார்கள். அவற்றிலிருந்த இலையை இனங்கண்டு 1914இல் எழுதியவர் இதே சீவர்ட்தான். அது குளொசொப்டெரிஸ். நாக்கு வடிவம், நடுவே தடித்த நரம்பு, இருபுறமும் வலையாகப் பின்னிய சிறு நரம்புகள். இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் கிடைத்த அதே இலை, பனிக்கண்டத்திலும்! இவையெல்லாம் ஒருகாலத்தில் ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு அதைவிட வலிய சாட்சி அப்போது இல்லை.

கோண்ட்வானா என்ற அந்தப் பெருநிலத்தில் இலங்கை இருந்த இடம் ஏறத்தாழ நடு. ஒரு பக்கம் இந்தியா, இன்னொரு பக்கம் அந்தாட்டிக்கா. இரண்டு பக்கத்திலும் குளொசொப்டெரிஸ் இருக்கையில் இடையில் கிடந்த நிலத்தில் இல்லாமல் போகுமா? அந்த இலையைத் தம் கையாலே இனங்கண்ட மனிதரின் மேசையில் இப்போது தப்போவக் கற்கள்.

சீவர்ட் கண்ட இலை எது?

அடுத்த வாரம்.


2. பெல்ஸ்பார் சொன்ன சாட்சி

குளொசொப்டெரிஸ் இல்லை.

ஒன்றுகூட இல்லை. சீவர்ட்டும் அவருடைய இளம் உதவியாளர் ரிச்சர்ட் எரிக் ஹொல்ற்றமும் 1922இல் இலண்டன் நிலவியல் கழகத்தின் காலாண்டிதழில் இலங்கையின் ஜுராசிக் தாவரங்கள் பற்றி எழுதினார்கள். பன்னம், ஊசியிலை மரங்களின் கிளை, செதில். எல்லாம் குளொசொப்டெரிஸ் பூமியை விட்டே அழிந்து நெடுங்காலம் சென்ற பின் வாழ்ந்தவை. இன்றைக்குச் சுமார் 20 கோடி ஆண்டுக்கும் 14½ கோடி ஆண்டுக்கும் இடைப்பட்ட காலம். வேறெங்கோ பெருந்தேகப் பல்லிகள் உலவிய காலம்.

ஹொல்ற்றம் அந்த ஆண்டிலேயே சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வேலைக்குப் போனார். பிறகு அதன் பணிப்பாளரானார்; பன்னத்திலும் ஓர்க்கிட்டிலும் உலகப் பெயர் எடுத்தார். வடமராட்சியிலிருந்து இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. இலங்கையின் கல் இலையை எழுதிய கையும் அந்தத் திசையில்தான் போனது.

1944இல் லக்னோவிலிருந்து ஆர்.வி. சிதோலே தப்போவத் தாவரங்களை மறுபடி ஆராய்ந்து எழுதினார். அவர் பீர்பால் சாஹ்னியின் வழிவந்தவர். சாஹ்னியோ கேம்பிரிட்ஜில் சீவர்ட்டிடம் படித்தவர். ஒரு தீவின் கல் இலைகளை ஆசிரியரும், அவருடைய மாணவரின் வழிவந்தவரும் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளாலும் பின்வந்தவற்றாலும் தப்போவக் காட்டின் உருவம் தெளிவாயிற்று. தரையில் கிளாடொபிளெபிஸ் போன்ற பன்னங்கள். அதற்கு மேல் டைலொபில்லம்: வீட்டு முற்றங்களில் அழகுக்கு வளர்க்கிறோமே சைக்கஸ், பார்வைக்கு அதைப் போன்ற சீப்பிலை கொண்டது, இனம் வேறு, இன்று அடியோடு அழிந்துவிட்டது. அதற்கும் மேலே உயர்ந்த ஊசியிலை மரங்கள். பேராதனைப் பூங்காவில் வானை நோக்கிக் கூம்பி நிற்கும் அரோகேரியாக்களைப் பார்த்தவர்கள், அவற்றின் பழைய உறவினரைத் தப்போவக் கல்லில் அடையாளம் காணலாம். பூ என்ற ஒன்று அந்தக் காட்டில் இல்லை. புல்லும் இல்லை. தென்னை, பனை எதுவும் இல்லை.

இலை சொன்னது இவ்வளவு. இலையைச் சுமந்த கல் அதைவிட அதிகம் சொல்கிறது. ஆகவே கல்லிடம் சற்று நிற்போம்.

தப்போவப் படிவில் ஆர்க்கோஸ் என்ற வகை மணற்கல் உண்டு. சாதாரண மணற்கல்லை நுணுகிப் பார்த்தால் பெரும்பாலும் குவார்ட்ஸ் மணிகளாக இருக்கும். மணற்காட்டு மணலை உள்ளங்கையில் எடுத்தால் மினுங்குகிறதே, அதிலும் குவார்ட்ஸ்தான் மிகுதி. அது மிகப் பிடிவாதமான கனிமம். ஆறு உருட்டினாலும் மழை நனைத்தாலும் எளிதில் அழியாது. ஆர்க்கோஸில் அதனோடு கூடப் பெல்ஸ்பார் நிறைய இருக்கும். இளஞ்சிவப்பும் வெண்மையுமாகத் தட்டையான முகங்களோடு தெரியும் கனிமம் அது. கருங்கற் பாறைகளில் அதுதான் பெரும்பங்கு. ஆனால் உயிர் கெட்டி இல்லை. வெப்பமும் மழையும் உள்ள நாட்டில் பெல்ஸ்பார் மெல்ல இற்று வெண்களியாக மாறிவிடும். நெடுந்தூரம் ஓடும் ஆறு கடலைச் சேரும்போது அதன் மணலில் பெல்ஸ்பார் கொஞ்சமே மிஞ்சும்.

அப்படியிருக்க ஒரு மணற்கல்லில் அது தாராளமாக இருந்தால் என்ன பொருள்? மணல் தூரத்திலிருந்து வரவில்லை. மலை பக்கத்திலேயே நின்றிருக்கிறது. உடைந்த துண்டுகள் இற்றுப்போக நேரமில்லாமல் விரைந்து புதைந்திருக்கின்றன. ஒரு கனிமத்தின் இருப்பு இவ்வளவையும் சொல்லிவிடுகிறது. நிலவியலில் எனக்கு மிகப் பிடித்த வாதம் இது. பார்த்த சாட்சி எவரும் இல்லை. சாட்சியாக இருப்பது அழிந்துபோயிருக்க வேண்டிய, ஆனால் அழியாமல் கிடக்கிற ஒரு மணி.

அந்த மலை எது, அந்தப் பள்ளம் எது? கோண்ட்வானா கிழியத் தொடங்கிய காலத்தில் நிலம் இழுபட்டது. இழுபட்ட நிலம் பிளந்து, பிளவுகளுக்கு இடைப்பட்ட துண்டு கீழே இறங்கிற்று. இருபுறமும் பழம்பாறைச் சுவர், நடுவில் தாழ்ந்த தொட்டி. சுவரிலிருந்து உடைந்த சரளையையும் மணலையும் ஓடைகள் அள்ளிவந்து தொட்டியில் கொட்டின. வெள்ளம் வடிந்த பின் தேங்கிய நீரில் நுண்மணலும் களியும் மெல்லப் படிந்தன. இலைக்குப் பாதுகாப்பான இடம் அந்தச் சேறுதான். பரும்படி மணலில் இலை விழுந்தால் கிழிந்து போகும். களியில் விழுந்தால் நரம்பு நரம்பாகப் பதியும். ஆகவே தப்போவ போன்ற இடத்தில் இலை தேடுகிறவர் மணற்கல்லை விட்டுவிட்டுக் களிப்பாறைப் படைகளைத்தான் ஏடு ஏடாகப் பிரிப்பார்.

அதே படிவில் சுண்ண முடிச்சுகளும் வரும். மழை ஒரு பருவம், காய்ச்சல் ஒரு பருவம் என்று மாறிமாறி வரும் நிலத்தில், ஈரம் ஆவியாகும்போது மண்ணுக்குள் கல்சைட் உருண்டு திரள்வது வழக்கம். கரவெட்டியின் கல்லும் கல்சைட், தப்போவ முடிச்சும் கல்சைட். முன்னது கடலுயிரின் ஓட்டில் பிறந்தது, பின்னது மண்ணின் ஈரத்தில் பிறந்தது. கனிமம் ஒன்றாக இருந்தாலும் வரலாறு வேறு.

இனி, போன வாரம் ஞாபகத்தில் வைத்திருக்கச் சொன்ன இரும்பு. இத்தகைய சிவந்த படிவுகளில் நிலத்தடி நீர் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஊறிக்கொண்டிருக்கும். ஒட்சிசன் கலந்த நீர் இலையில் மிஞ்சிய கரியை மெல்லத் தின்றுவிடும். கரி போன இடத்தில் வெற்று அச்சு நிற்கும். அந்த அச்சில் இரும்பு ஒக்சைட் படிந்தால் சிவப்பாகவோ மண்ணிறமாகவோ கோடு எழும்: ஹெமடைட்டின் சிவப்பு, கோதைட்டின் பழுப்பு. செம்பாட்டுத் தோட்டத்தில் வேலை செய்கிறவரின் காலில் ஒட்டும் அதே சாயம்தான் பல நாடுகளில் கல் இலையின் நரம்பைத் தீட்டிக் காட்டியிருக்கிறது.

இந்தத் தொட்டி ஏன் சிறிதாக, தனியாகக் கிடக்கிறது என்பதற்கும் இதற்குள் பதில் இருக்கிறது. சுற்றியிருந்த உயர்நிலத்தின் மேலும் படிவுகள் இருந்திருக்கலாம்; மழையும் காற்றும் அரித்துக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும். கீழே இறங்கிய துண்டில் இருந்தவை தப்பின. பின்னாளில் தெற்கே ஆண்டிகமவிலும் பள்ளமவிலும் இதே வகைப் படிவுகள் நிலத்தடியில் அகப்பட்டன. மூன்றும் சேர்ந்தாலும் இலங்கைப் படத்தில் நகக்கண் அளவுதான். பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் இந்தக் குடும்பம் பெரிது. சென்னைக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூர், தெற்கே சிவகங்கை, பெரம்பலூர்ப் பக்கம் தெரணி. அங்கெல்லாம் டைலொபில்லம் இலைகள் களியில் பதிந்து கிடைக்கின்றன. தெரணியின் களி வெண்களி. ஒருகாலத்துப் பெல்ஸ்பார்தான் இற்று அப்படி ஆகியிருக்க வேண்டும். பெல்ஸ்பார் அழியாமல் நின்ற இடம் தப்போவ, அழிந்து களியான இடம் தெரணி.

ஆக, 1922க்குப் பிறகு தப்போவ என்றாலே ஜுராசிக் என்று நிலைத்துவிட்டது. பி.ஜி. குரேயின் இலங்கை நிலவியல் நூல் 1967இல் வெளிவந்தது. தலைமுறை தலைமுறையாக மாணவர் அதில் படித்தார்கள். தப்போவப் படிவுகள் ஜுராசிக். பல்கலைக்கழகத் தேர்விலும் அதுவே விடை.

ஒரு முரண் மட்டும் தீரவில்லை. இந்தியாவின் தாமோதர் பள்ளத்தாக்கிலும் கோதாவரிப் பள்ளத்தாக்கிலும் குளொசொப்டெரிஸ் குவியல் குவியலாகக் கிடந்து நிலக்கரியாயிற்று. அந்தாட்டிக்காவிலும் அப்படியே. இலங்கையில் மட்டும் அந்தக் காலத்தின் ஒரு கல்கூட இல்லை என்று நூல்கள் சொல்லின. காடு இலங்கையைச் சுற்றிக்கொண்டு போனதா? அல்லது அந்தக் கல் முழுவதும் அரிபட்டுப் போயிற்றா?

தொண்ணூறு ஆண்டுக்கு மேல் கேள்வி அப்படியே கிடந்தது. பிறகு, அதே தப்போவக் குளத்தின் அருகே, வெளித்தெரிந்த ஒரு படிவிலிருந்து எடுத்த களிப்பாறை பிளந்தது. உள்ளே ஓர் இலை. சீப்பிலை இல்லை. ஊசியிலையும் இல்லை. முழு இலை, நடுவே தடித்த நரம்பு, இருபுறமும் சிறு நரம்புகள்.

அந்தச் சிறு நரம்புகள் ஒன்றோடொன்று கூடுகின்றனவா, தனித்தனியாக ஓடுகின்றனவா? இலங்கையின் 10 கோடி ஆண்டு அந்த ஒரு விடையில் தொங்கியது.

அடுத்த வாரம்.


3. பூச்சி கடித்த இலை

கூடுகின்றன. வலையாகப் பின்னுகின்றன.

நடுநரம்பிலிருந்து புறப்படும் சிறு நரம்பு ஓரத்தை அடையுமுன் பக்கத்து நரம்போடு சேர்கிறது, பிரிகிறது, மறுபடி சேர்கிறது. ஜுராசிக் காட்டில் டெனியொப்டெரிஸ் என்று ஓர் இலை உண்டு. அதுவும் நீண்டது, அதற்கும் தடித்த நடுநரம்பு உண்டு. அவசரக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் டெனியொப்டெரிஸின் சிறு நரம்புகள் கூடி வலையாவதில்லை. வலை தெரிந்தால் சங்கதி வேறு.

2018இல் ஜியோலொஜிக்கல் மகசின் ஆய்விதழில் ஜி. எதிரிசூரிய, எச்.ஏ. தர்மகுணவர்தன, ஸ்டீபன் மெக்லொக்லின் ஆகிய மூவரின் கட்டுரை வந்தது. இருவர் இலங்கையர், தர்மகுணவர்தன பேராதனைப் பல்கலைக்கழகத்தவர். மெக்லொக்லின் ஸ்டொக்ஹோமில் சுவீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கோண்ட்வானாத் தாவரங்களை ஆராய்கிறவர். அவர்கள் அறிவித்தது இது: தப்போவக் குளத்தின் அருகே கிடைத்த இலைகள் குளொசொப்டெரிஸ் இலைகள். இலங்கையில் பெர்மியன் காலத் தாவரம் பதிவானது அதுவே முதல் முறை. காலம் பெரும்பாலும் பெர்மியனின் இறுதிப் பகுதி. அதாவது இன்றைக்குச் சுமார் 26 கோடி ஆண்டுக்கும் 25 கோடியே 20 இலட்சம் ஆண்டுக்கும் இடைப்பட்டது.

ஜுராசிக் என்று ஒரு நூற்றாண்டு பெயர் சொல்லப்பட்ட அதே சிறு தொட்டிக்குள், அதைவிடக் கிட்டத்தட்ட 10 கோடி ஆண்டு மூத்த இன்னொரு காடு கிடந்திருக்கிறது. பன்னமும் ஊசியிலையும் வளர்ந்த காடு ஒன்று. நாக்கிலை மரம் வளர்ந்த காடு ஒன்று. இரண்டுக்கும் நடுவே, பூமியில் உயிர் பட்ட மிகப் பெரிய அடி. பெர்மியன் முடிவில் கடலுயிர் இனங்களில் பெரும்பாலானவை மாண்டன. குளொசொப்டெரிஸ் காடுகளும் அத்துடன் முடிந்தன. ஆகவே தப்போவ இலைகள் அந்தக் காட்டின் கடைசிக் காலத்தவை.

சீவர்ட்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஸ்கொட்டின் குழுவினர் உயிரைக் கொடுத்துச் சுமந்து வந்த இலையை இனங்கண்டவர் அவர். இலங்கையிலும் அது இருந்தது, அவர் பரிசோதித்த கற்கள் வந்த அதே குளத்தின் பக்கத்திலேயே இருந்தது. அவருக்குப் போன பெட்டியில் மட்டும் இல்லை. குறை அவருடையதும் அல்ல, வேலண்டுடையதும் அல்ல. மணற்கல், களிப்பாறை என்று இரண்டு காலத்துப் படிவும் ஒரே தோற்றத்தில் இருந்தால், இலை கிடைக்காதவரை பிரித்தறிய வழி மிகக் குறைவு. புதைந்த படிவுகள் பற்றைக் காட்டுக்கும் வயலுக்கும் கீழே மறைந்திருக்கின்றன. குளத்து நீர் வற்றும்போதும், யாரோ மண் எடுக்கும்போதும்தான் சிறு சிறு துண்டாக வெளியே தெரியும்.

இலையோடு வேறு சாட்சிகளும் வந்தன. வெர்டிபிராரியா என்ற வேர், சமரொப்சிஸ் என்ற விதை, மூட்டு மூட்டான தண்டுடைய குதிரைவால் இனச் செடி, ஒரு பன்னம். இவற்றில் வேர்தான் முக்கியம் என்பேன். இலை காற்றில் பறக்கும், வெள்ளத்தில் மிதந்து எங்கெங்கோ போகும். வேரோ பெரும்பாலும் மரம் நின்ற இடத்திலேயே நிற்கும். வெர்டிபிராரியா குளொசொப்டெரிஸ் மரத்தின் வேர். அதன் உள்ளே அறை அறையாகக் காற்றிடம் உண்டு. நீர் தேங்கிய சதுப்பில், சேற்றில் மூச்சு முட்டாமல் நிற்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு அது. கற்பிட்டிக் களப்பில் கண்ணா மரங்கள் இன்றும் அதே சிக்கலைத் தீர்க்க வேறு வழியில் மூச்சுவேரை மேலே நீட்டுகின்றன. தப்போவப் பக்கம் அக்காலத்தில் நனைந்த தாழ்நிலமாக இருந்திருக்க வேண்டும் என்பதை வேர் உணர்த்துகிறது.

தென்துருவத்துக்கு இன்றைவிட மிகப் பக்கத்தில் அந்த நிலம் இருந்தது. கோடையில் நெடும்பகல், மாரியில் நெடும் இருட்டு. குளொசொப்டெரிஸ் மரங்கள் பருவத்துக்குப் பருவம் இலை உதிர்த்தவை என்பது கோண்ட்வானா எங்கும் சருகுப் படைகளாகக் கிடக்கும் இலைகளால் தெரிகிறது. பனைமரமும் வெயிலுமாக நாம் அறிந்த இந்தத் தீவு, குளிர்நாட்டுக் காட்டைப் போல இலையுதிர்த்து மொட்டையாக நின்ற காலம் அது.

அந்த இலைகளில் இன்னொன்றும் இருந்தது. கடி. சில இலைகளின் நடுவில் ஓட்டை. சிலவற்றின் ஓரம் வளைவாகத் தின்னப்பட்டிருக்கிறது. சிலவற்றில் குத்தி உறிஞ்சிய தழும்பு. சிலவற்றில் முட்டையிட்ட வடு. பூச்சியின் உடல் கிடைக்கவில்லை. அது மேய்ந்த தடம் கிடைத்தது. தோட்டத்தில் கத்தரி இலையைத் திருப்பிப் பார்த்து எந்தப் பூச்சி என்று சொல்லும் கமக்காரர் எவரும் அந்தக் கல்லைப் பார்த்தவுடன் விளங்கிக்கொள்வார். 25 கோடி ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் ஒன்று வளர்த்தது, இன்னொன்று தின்றது, மூன்றாவது ஒன்று முட்டையிட இடம் பார்த்தது.

இனிக் கடலுக்கு வருவோம்.

மன்னார் வளைகுடாவின் அடியில் பெரும் படிவுத் தொட்டி ஒன்று இருக்கிறது. 1970களில் சோவியத் நாட்டின் உதவியோடு மன்னார்த் தீவில் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். பேசாலைக்காரருக்கு இன்றும் அந்தக் கதை மறக்கவில்லை. வணிகத்துக்கு ஏற்ற எண்ணெய் கிடைக்கவில்லை. பிறகு 2011இல், வளைகுடாவின் ஆழ்கடலில் கெய்ன் நிறுவனம் இட்ட துளைகளில் டொராடோ, பரகூடா என்ற இரண்டு இடங்களில் இயற்கை வாயு அகப்பட்டது. இலங்கையில் முதல் தடவை.

வாயு இருந்தால் அதற்கு ஒரு தாய்ப்பாறை வேண்டும். எங்கோ ஆழத்தில், பழைய உயிர்ப்பொருள் நிறைந்த படிவு புதைந்து வெந்திருக்க வேண்டும். மன்னார்த் தொட்டி ஜுராசிக் காலத்தில்தான் தாழத் தொடங்கியது என்பது அதுவரை நிலவிய கருத்து. அப்படியானால் அதன் அடிப்படை ஜுராசிக்கைவிட மூத்ததாக இருக்க முடியாது. தப்போவ இலை அந்தக் கணக்கைக் கலைத்துவிட்டது. கரையில், கையெட்டும் தூரத்தில் பெர்மியன் படிவு இருக்கிறதென்றால், பக்கத்துக் கடலடித் தொட்டியும் அப்போதே தாழத் தொடங்கியிருக்கலாம். கோண்ட்வானா முழுவதும் இழுபட்ட முதல் கட்டம் அது. கிழக்கிந்தியப் பள்ளத்தாக்குகளில் நிலக்கரியை உண்டாக்கிய அதே கட்டம். நில அதிர்வு அலைகளை அனுப்பி எடுத்த படங்களில், மன்னார்த் தொட்டியின் அடியில் அலைகளை வலுவாகத் திருப்பியனுப்பும் படைகள் தெரிகின்றன. அவை பெர்மியன் காலத்து, கரி நிறைந்த தரைப் படிவுகளாக இருக்கக்கூடும் என்றும், வாயுவின் தாய்ப்பாறையும் அதுவாக இருக்கக்கூடும் என்றும் அந்தக் கட்டுரையை எழுதிய மூவரும் கருதுகிறார்கள்.

குளத்தங்கரைக் களிப்பாறையில் ஓர் இலையின் நரம்பு கூடுகிறதா இல்லையா என்பது, கடலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்து எரிவாயுவின் வயதைத் தீர்மானிக்கும் வாதமாகிவிட்டது. தாவரவியல் படிக்கப் போகும் பிள்ளையிடம் அதனால் என்ன பயன் என்று கேட்கிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

தப்போவப் பக்கம் வெளித்தெரியும் படிவு மிகக் கொஞ்சம். ஒரு வீதி அகலிப்பு, ஒரு மண் அகழ்வு, ஒரு கட்டட அத்திவாரம் போதும், பார்க்கப்படாமலே ஒரு படை போய்விடும். இரத்தினக்கல்லைக் காக்க இந்த நாட்டில் அதிகாரசபை இருக்கிறது. விகாரையின் செங்கல்லைக் காக்கச் சட்டம் இருக்கிறது. இரண்டு காடுகள் கிடக்கும் இந்தக் களிப்பாறையும் அதே மரியாதையோடு வேலியிட்டுக் காக்கப்பட வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மாணவர்கள் போய்ப் பார்த்துப் படிக்க வழி செய்யப்பட வேண்டும். இதை நான் மனதார வேண்டுகிறேன்.

மன்னார் கடலடியில் இருக்கும் அந்த அடிப்படையை இதுவரை எந்தத் துளையும் தொட்டு மாதிரி எடுக்கவில்லை. எடுக்கும் நாளில், மேலே வரும் கற்கோலில் முதலில் தேடப் போவது வாயுவை அல்ல. ஓர் இலைத் துண்டு, ஒரு மகரந்தத் துகள், அறை அறையான ஒரு வேர். அது கிடைத்தால் தொட்டியின் வயது 10 கோடி ஆண்டு பின்னால் போகும். கிடைக்காவிட்டால் வாயுவுக்கு வேறொரு தாயைத் தேட வேண்டும்.